பிரேமலா பாஸ் போட்ட விபிஎன்

மலேசியாவில், கூலாய் ஊரின் அந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்வது குப்பை வண்டி வரும் நாளை. அடுத்ததாகப் பதினேழாம் நம்பர் வீட்டுப் பிரேமலாவை. மின்விசிறி வாங்கினாலும் சரி, தண்ணீர் வடிகட்டி வாங்கினாலும் சரி, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அவளும் வாய்க்கு வந்தபடி நல்லது, கெட்டது என்று சொல்லிவிட மாட்டாள். ஒரு நாள் கொடுங்கள் என்பாள். விசிறியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரின் முதுகில் கைவைத்துப் பார்ப்பாள். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிவைப்பாள். மறுநாள் அந்தத் தாளோடுதான் பதில் வரும்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஆறு வருடம் லைனில் நின்றாள். மற்றவர்கள் தவறவிட்ட பழுதையெல்லாம் இவள் கண் பிடித்துக்கொண்டே இருந்ததால், தரம் பார்க்கும் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாகக் கியூசி. அவள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய பெட்டி ஒன்றுகூட வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது கிடையாது. இதை அவளே யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள். கல்யாணத்துக்கு முன் தன்னையும் மூன்று மாதம் சோதித்துவிட்டுத்தான் எடுத்தாள் என்று அவள் கணவன் செல்லப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதில் பாதி உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வரிசையில் இருக்கும் யோகேஸ்வரி பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசல் திறந்துதான் கிடந்தது. இருந்தும் பின்வாசல் வழியாக வந்ததைப் பார்த்ததுமே, இது விசிறி விஷயம் இல்லை என்று பிரேமலாவுக்குப் புரிந்துவிட்டது.

யோகேஸ்வரிக்கு அறுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பரம்பரை. கோத்தா திங்கியில் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் சோமசேகரம் நில அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்தவர். இருவருக்கும் ஒரே மகள், வசந்தினி. அவள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய், அங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் செல்வா என்பவனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. செல்வாவிடம் குடியில்லை, கடனில்லை, ஒரு குறையும் இல்லை. அவனுடைய அம்மா கருப்பாயி தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியவள் என்பதுதான் சோமசேகரத்துக்குத் தொண்டையில் சிக்கியது. மகளின் பெயர் இனி இந்த வீட்டில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்தப் பெயர் நின்றுபோனது.

பிரேமலாவின் அம்மாவும் உதிரிப் பழம் பொறுக்கியவள்தான். அது சோமசேகரத்துக்கும் தெரியும். மோடம் மக்கர் பண்ணினால் மட்டும் முதல் ஆளாகப் பிரேமலாவுக்குத்தான் போன் போடுவார். பிரேமலா போவாள், சரிசெய்வாள், அவர் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு வருவாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்காதா என்று கேட்டால், இருக்கும். தேநீர் ஆறிவிடும் என்பதால் அதைப் பற்றி அவள் அப்போது யோசிப்பதில்லை.

யோகேஸ்வரி சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்து ஒரு துண்டுப் படத்தைக் காட்டினார். முப்பது விநாடி ஓடும். கோயிலில் பழக்கமான யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வசந்தினி ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளியோடு தரையில் உட்கார்ந்து அவருடைய சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் நடத்தும் சிங்கப்பூர்த் தமிழ் நிகழ்ச்சியாம். வாரம் ஒரு வேலையிடத்துக்குப் போய் அங்கே இருப்பவர்களோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பேச வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் வரும். மூன்று நாள் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். மொத்தம் ஆறு வாரம். இரண்டு முடிந்துவிட்டது. இங்கிருந்து திறந்தால் உங்கள் நாட்டில் பார்க்க முடியாது என்று ஒரு வரி மட்டும் வருகிறது.

அந்த முப்பது விநாடியை நாற்பது தடவைக்கு மேல் பார்த்துவிட்டதாக யோகேஸ்வரி சொன்னார். மீதி நான்கையும் முழுதாகப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியக்கூடாது. விபிஎன் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் ‘அவருக்குத் தெரியக்கூடாது’ என்பதுதான் பெரிய வேலை. போன வருடம் ஒரு ஏமாற்றுக்காரன் சோமசேகரத்துக்குப் போன் பண்ணி வங்கி அதிகாரி என்று பேசியதிலிருந்து அவர் மிரண்டுபோயிருந்தார். அவருடைய அக்கா மகன் ஸ்ரீதரன் வந்து வீட்டு மோடத்தில் ஒரு காவல் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். வீட்டில் எந்த போன், எந்தக் கணினி, எத்தனை மணிக்கு எந்தத் தளத்தைத் திறந்தது என்று தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் போனுக்கு ஒரு பட்டியல் வந்துவிடும். கோப்பு பார்த்துப் பழகிய மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பார்.

பிரேமலா விளக்கினாள். விபிஎன் என்பது நம் கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டி, சிங்கப்பூரில் இருக்கும் ஓர் ஆளுக்கு அனுப்புவது மாதிரி. அந்த ஆள் உறையைப் பிரித்து, தன் ஊரிலிருந்து போடுவதுபோல் போடுவான். வாங்குகிறவர்களுக்குச் சிங்கப்பூர் முத்திரைதான் தெரியும். வழியில் இருக்கும் அங்கிளின் பட்டியலுக்கு வெளி உறை மட்டும்தான் தெரியும். யோகேஸ்வரி உடனே கேட்டார்.

“அப்ப அந்தச் சிங்கப்பூர் ஆள் வாசிப்பாரே?”

முப்பது வருடம் நோயாளிகளின் ரகசியங்களைக் காத்தவர் கேட்கும் கேள்வி அது. பிரேமலாவுக்கு அவர் மேல் மரியாதை கூடியது. அதைத்தான், அக்கா, நான் சோதிக்க வேண்டும் என்றாள்.

அன்று மாலையே தாளில் கட்டம் போட்டாள். போனில் விளம்பரமாகிற விபிஎன்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தாள். பெயரைப் பார்த்தால் மனம் சாயும் என்பது தொழிற்சாலையில் படித்த பாடம். படம் ஓடுகிறதா, எத்தனை தடவை நின்று சுற்றுகிறது, நம் முகவரி எந்த ஊர் என்று காட்டுகிறது, என்னென்ன அனுமதி கேட்கிறது, கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது, பதிவு வைத்துக்கொள்வதில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறதா, வெளியாள் யாராவது வந்து தணிக்கை செய்திருக்கிறார்களா, வேண்டாமென்றால் எளிதில் விலக முடியுமா என்றெல்லாம் கட்டங்கள். சிங்கப்பூர்த் தளத்தின் விதிமுறையில் வெளிநாட்டிலிருந்து பார்க்கக்கூடாது என்று இருப்பதையும் ஓரமாக எழுதிவைத்தாள். கடைசிக் கட்டத்துக்கு ‘யாருக்குத் தெரியக்கூடாது’ என்று தலைப்பு. அதில் சோமசேகரம் அங்கிள் என்று எழுதினாள்.

யோகேஸ்வரியின் போனையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தாள். எந்தச் செயலி எதையெல்லாம் எட்டிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். தொடர்பு எண்களுக்குள் போனபோது வசந்தினி என்று ஒரு பெயர் இல்லை. மகள் என்றும் இல்லை. கணவர் சொன்ன அன்றைக்கே தானே அழித்துவிட்டதாக யோகேஸ்வரி சொன்னார். பிரேமலா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சோதனைக்குத் தன் போனைப் பயன்படுத்த அவளுக்கு மனமில்லை. கண்ட செயலியை எல்லாம் தன் போனில் இறக்க அவள் என்ன பைத்தியமா? செல்லப்பனின் போனை எடுத்துக்கொண்டாள். செல்லப்பன் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவன். விடியுமுன் கூலாயிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போய், மாலையில் திரும்பக் கொண்டுவருவான். அந்த மாதம் இன்னொரு டிரைவரோடு முறை வைத்து ஓட்டியதால் பாதி நாள் வீட்டில் இருந்தான். அவன் போனில் அவளுக்குத் தெரிந்து ரகசியம் ஒன்றும் இல்லை. அவனுக்கும் ஆட்சேபணை இல்லை.

முதலில் தன் போனிலேயே விபிஎன் எதுவும் இல்லாமல் தளத்தைத் திறந்தாள். பார்க்க முடியாது என்று வந்தது. சரி, பூட்டு இருக்கிறது. பிறகு செல்லப்பனின் போனில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இறக்கி, சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்து ஓட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள். வேலை விட்டு வந்து, குளித்து, சாமி விளக்கு ஏற்றிவிட்டு உட்காருவாள். வசந்தினி வரும் நிகழ்ச்சியை மட்டும் அவள் தொடவில்லை. அதே தளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு சமையல் நிகழ்ச்சியை வைத்துத்தான் சோதித்தாள். மகளை முதலில் பார்க்கிறவர் தாயாக இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அ ஓடவில்லை. விபிஎன்காரர்களின் முகவரிகளைத் தளத்துக்காரர்கள் அடையாளம் கண்டு அடைத்துவிடுகிறார்கள். ஆ பத்து நிமிடம் ஓடி நின்றது. இ ஓடவே இல்லை, போதாக்குறைக்குத் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டது. ஈ மட்டும் இணைந்துவிட்டது என்பதற்கான பச்சை வட்டத்தைக் காட்டிக்கொண்டு வெண்ணெயாக ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. முகவரி சிங்கப்பூர் என்று வந்தது. மற்றவை எல்லாம் வேகத்தைப் பாதியாகக் குறைத்தபோது, ஈ குறைக்கவே இல்லை. இவ்வளவு நல்லதா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் தட்டியது. தட்டிய சந்தேகத்தை அப்போதே பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டாள்.

இதற்குள் பதினாறு நாள் ஓடிவிட்டது. நடுவில் ஒரு சனிக்கிழமை மூன்றாம் வாரம் போனது. அடுத்த சனிக்கிழமை நான்காம் வாரம். அன்று யோகேஸ்வரி மறுபடி பின்வாசலில் வந்து நின்று, ஏதாவது ஒன்றைப் போட்டுத் தாரும், நல்லது கெட்டது பிறகு பார்ப்போம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். சோதிக்காததைக் கையில் கொடுக்க மாட்டேன் என்று பிரேமலா சொல்லிவிட்டாள். யோகேஸ்வரி தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பிரேமலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரத்துக்கு முந்தின நாள், யோகேஸ்வரியின் போனில் ஈயை இறக்கி, சந்தா கட்டி, எப்படித் தொடுவது என்று கற்றுக்கொடுத்தாள். பச்சை வட்டம் வந்தால் போதும் அக்கா, நீங்க சிங்கப்பூர்ல இருக்கிற மாதிரி என்றாள். பாஸ் போட்டாயிற்று.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு யோகேஸ்வரி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சை வட்டத்தைத் தொட்டார். வட்டம் பச்சையாகத்தான் இருந்தது. தளத்தைத் திறந்தார். உங்கள் நாட்டில் பார்க்க முடியாது என்று வந்தது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே வரி. ஏழு தடவை முயன்றார். ஐந்தரை ஆனது. போனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

ஏழு மணிக்குப் பட்டியல் வந்தது. விபிஎன் உண்மையில் வேலை செய்திருந்தால் அதில் வெளி உறை மட்டும் இருந்திருக்கும். இருந்ததோ, யோகேஸ்வரியின் போன் அந்தச் சிங்கப்பூர்த் தமிழ்த் தளத்தை ஏழு தடவை திறந்தது என்ற விவரம், மணி நிமிடத்தோடு. சோமசேகரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தேநீர் கேட்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. யோகேஸ்வரிக்கு அவர் திட்டிவிட்டால்கூடத் தேவலாம் போலிருந்தது. நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிரேமலாவுக்கு இது ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்தது. முதலில் யோகேஸ்வரி ஏதோ தவறாகத் தொட்டிருப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் போனை வாங்கி, தன் வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்தாள். பச்சை வட்டம் எரிந்தது. முகவரியைப் பார்த்தாள். கூலாய் என்று காட்டியது. செல்லப்பனின் போனில் அதே செயலி சிங்கப்பூர் என்று காட்டியதே? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. வேலையிடத்தில்கூட எதிரில் வந்த பெட்டியைப் பார்க்காமல் நின்றாள்.

புதன்கிழமை செல்லப்பனுக்கு விடுமுறை. அவளும் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். இருவரும் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தபோது அவள் தன் குழப்பத்தைச் சொன்னாள். செல்லப்பன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டான்.

“என் போன்ல எதுக்கு விபிஎன்? அதுல ஓடுறது சிங்கப்பூர் சிம் லா.”

திரையின் மேலே மலேசியக் கம்பெனி பெயர்தானே போட்டிருக்கிறது என்றாள் பிரேமலா. இந்தப் பக்கம் வந்தால் அப்படித்தான் காட்டும், ஆனால் டேட்டா எல்லாம் சிங்கப்பூர் போய்விட்டுத்தான் வரும், நான் தினமும் பஸ் டிப்போவில் அந்தத் தளத்தில்தான் நாடகம் பார்க்கிறேன், பாலம் தாண்டி வந்தபிறகும் ஓடும், நான் மட்டுமா, அங்கே வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும் என்றான்.

அவள் எழுந்துபோய் அவன் போனை எடுத்தாள். எல்லா விபிஎன்னையும் அணைத்தாள். வைஃபையை அணைத்தாள். தளத்தைத் திறந்தாள். சமையல் நிகழ்ச்சி வெண்ணெயாக ஓடியது.

அ, ஆ, இ மூன்றும் யோக்கியமாகத் தங்கள் வழியில் போக முயன்று மாட்டிக்கொண்டவை. ஈ ஒன்றுமே செய்யவில்லை. பச்சை வட்டத்தை ஏற்றிவைத்துவிட்டுச் சும்மா இருந்தது. அதனால்தான் வேகமும் குறையவில்லை. நான்கில் மோசமானது எதுவோ, அதற்கு அவள் கையால் பாஸ் போட்டிருக்கிறாள். விபிஎன் இல்லாமல் பார்க்கும் சோதனையை ஒரு போனில் செய்துவிட்டு, விபிஎன் சோதனையை இன்னொரு போனில் செய்தால் எப்படி? நேற்று லைனுக்கு வந்த புதுப் பெண்கூட அப்படிச் செய்யாது. அவளுக்கு அவமானமாக இருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு வாரமா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கலையே,” என்றான் செல்லப்பன்.

அவளுடைய நிதானம் இரண்டு வாரத்தை விழுங்கியது, அவளுடைய தவறு இன்னொரு வாரத்தை விழுங்கியது. ஐந்தாம் வாரத்தை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். மீதி இருப்பது ஒன்றே ஒன்று.

அன்று மாலை யோகேஸ்வரியிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னாள். என் தப்பு அக்கா, சோதித்த விதமே தப்பு என்றாள். சந்தாவை ரத்துசெய்து கொடுத்தாள். யோகேஸ்வரி கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசி வாரத்துக்கு விபிஎன்னே வேண்டாம் என்று சொன்னாள். செல்லப்பனின் போன் போதும். அது சிங்கப்பூர் வழியாகவே போகும், உங்கள் வீட்டு மோடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காது, பட்டியலில் ஒரு எழுத்து வராது. சனிக்கிழமை நாலரைக்கு என் சமையல்கட்டுக்கு வந்துவிடுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை நாலு மணிக்கு விட்டது. யோகேஸ்வரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு. வீட்டில் உட்கார்ந்து போன் பார்க்கப் போகிறவர் மாதிரி இல்லை. மைலோ டப்பாவில் சாய்த்துவைத்திருந்த போனைக் குனிந்து பார்த்தார். இதில் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கேட்டார். செல்லப்பன் உடனே, பஸ்ஸில் தொழிலாளர்களுக்குப் படம் போடும் கம்பி தன்னிடம் இருக்கிறது, போனையும் டிவியையும் இணைத்துவிடலாம் என்று எடுத்துவந்தான். பிரேமலா கம்பியை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக் கூடத்து டிவியை நோக்கி நடந்தாள்.

“இங்க வேண்டாம், பிரேமலா,” என்றார் யோகேஸ்வரி. “எங்கட வீட்டில வைப்பம்.”

அங்கிள் இருப்பாரே என்றாள் பிரேமலா.

“இருக்கட்டும். அவர் போன சனிக்கிழமையே கண்டிட்டார். இனி என்னத்தை ஒளிக்கிறது? எனக்குப் பயந்து பயந்து களைச்சுப்போச்சு.”

நான்கு வாரமாகப் பிரேமலா அலைந்ததெல்லாம் இந்த மனிதருக்குத் தெரியாமல் இருப்பதற்காக. இப்போது யோகேஸ்வரி அதை அவர் மூக்குக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் யோகேஸ்வரி ஏதாவது ஒன்றைக் கேட்டபோதும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இந்தத் தடவை கம்பியைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். சோதனைத் தாளும் கையோடு வந்தது, அது எப்போதும் அவள் கையில்தான் இருக்கும்.

சோமசேகரம் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றார்.

“மகள் டிவியில வாறாள். நான் பார்க்கப் போறன்.”

சோமசேகரம் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். எழுந்துபோகவும் இல்லை. பிரேமலா தாளை மேசையில் போட்டுவிட்டு டிவியின் பின்னால் புகுந்து கம்பியைச் செருகினாள். மூன்றாம் தடவைதான் பொருந்தியது.

ஐந்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் வந்தது சிங்கப்பூர் இல்லை. பாலம், சுங்கச்சாவடி, பிறகு இரண்டு பக்கமும் செம்பனை. கடைசி வாரம் என்பதால் தன் சொந்த ஊர்ப் பக்கம் வந்திருப்பதாக வசந்தினி சொன்னாள். கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மரத்தடியில் விரித்த சாக்கில் அவளோடு உட்கார்ந்திருந்த அம்மாளைக் காட்டி, இவங்க என் அத்தை, பேர் கருப்பாயி, முப்பத்திரண்டு வருசம் உதிரிப் பழம் பொறுக்கினவங்க என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை சாக்கு, கை எப்படிக் காய்க்கும், பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கருப்பாயி கூச்சத்தோடு பதில் சொன்னாள். யோகேஸ்வரி நிற்கிறோமா, உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரியாமல் டிவிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்தால் அந்த நேரம் படம் போய்விடும் என்று துடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. கருப்பாயி தன் டப்பாவைத் திறந்தாள், சோறும் கருவாடும். வசந்தினி தன்னுடையதைத் திறந்தாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

“இது எங்கட அம்மா செய்யிற சாப்பாடு, அத்தை. அவ செய்யிற மாதிரி எனக்கு வரேல்ல.”

கருப்பாயி ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். மழை மறுபடி கூரையில் தட்டியதில் சரியாகக் கேட்கவில்லை.

“சத்தம் காணாது,” என்றார் சோமசேகரம். “கொஞ்சம் கூட்டும்.”

செய்தித்தாள் அவர் மடியில் கிடந்தது. எப்போது இறங்கியது என்று பிரேமலா கவனிக்கவில்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். நல்லாத்தான்மா இருக்கு, உங்கம்மா அப்பாவ ஒரு நாளைக்கி இங்க கூட்டிட்டு வா, நான் கோழி அடிச்சு வைக்கிறேன் என்று கருப்பாயி சொல்லிக்கொண்டிருந்தாள். வசந்தினி சரி அத்தை என்றாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்தது. பிரேமலா டிவியின் பின்னால் போய்க் கம்பியைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள். அந்த நேரம் அங்கே இருக்காமல் போனால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

“பிரேமலா,” என்றார் சோமசேகரம். “இதுக்கு முதல் வந்ததுகளை எடுக்கேலாதோ?”

அவள் உள்ளதைச் சொன்னாள். மூன்று நாள்தான் வைப்பார்கள், ஐந்தும் போய்விட்டது, எந்த விபிஎன் போட்டாலும் வராது. அந்த ஐந்தில் மூன்று அவள் கணக்கு. வாய் தவறி அடுத்ததும் வந்துவிட்டது.

“வசந்தினிகிட்ட இருக்கும் அங்கிள். கேட்டா குடுக்கும்.”

இரண்டு வருடம் அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். பிரேமலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சோமசேகரம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேசையில் கிடந்த சோதனைத் தாளை இழுத்து, கட்டங்கள் இருந்த பக்கத்தைக் கீழே போட்டு, வெறும் பக்கத்தை மேலே திருப்பினார்.

“நம்பர் இருக்கோ?” என்று மனைவியைக் கேட்டார்.

யோகேஸ்வரியின் போன் மேசை மேல்தான் இருந்தது. அவர் அதன் பக்கம் கையை நீட்டவில்லை. அதில் அந்த எண் இல்லை என்று பிரேமலாவுக்குத் தெரியும். யோகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிங்கப்பூருக்கான அறுபத்தைந்து என்று தொடங்கி, எட்டு எண்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சோமசேகரம் எழுதினார்.

“கடைசி ரெண்டையும் திருப்பிச் சொல்லும்,” என்றார்.

யோகேஸ்வரி திருப்பிச் சொன்னார்.